ஹீட் பம்ப்ல சூடு வரலையா? மெக்கானிக்க கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் பாருங்க

போன ஜனவரில ஒருநாள் காலைல ஆறரை இருக்கும். ஊர்லேருந்து வந்திருந்த மாமியார் காபி போடப் போனவங்க கிச்சன் ஜன்னல் வழியா பாத்துட்டு "மாப்ள, வெளிய அந்தப் பொட்டி புகையுது, ஓடியாங்க"ன்னு ஒரு சத்தம். நான் அசையல, படுத்துக்கிட்டே "அது புகை இல்ல அத்தை, ஆவி, அஞ்சு நிமிஷத்துல நின்னுடும்"னேன். நின்னுச்சு. ஆனா அதுக்கு முந்தின வருஷம், புதுசா மாட்டின முதல் குளிர்ல, இதே ஆவியப் பாத்து இதே மாதிரி பதறி சர்வீஸ் கால் போட்டவன் நான்தான். வந்தவரு கைல காபி கப்போட பத்து நிமிஷம் நின்னு பாத்தாரு, நல்லாத்தான் ஓடுதுன்னாரு, 160 டாலருக்கு பில்ல நீட்டிட்டு போயிட்டாரு.

நாங்க இருக்கறது ஒன்டாரியோல வாட்டர்லூ பக்கம். இங்க இப்ப நம்ம ஆளுங்க நிறைய வீட்ல கேஸ எரிச்சு வீட்ட சூடாக்கற ஃபர்னஸ் பக்கத்துலயோ அதுக்குப் பதிலாவோ ஹீட் பம்ப் வந்துருச்சு, குளிர் வந்ததும் வாட்ஸாப் குரூப்ல ஒரே கேள்விதான் சுத்தி சுத்தி வரும், "ஹீட் பம்ப் வேலை செய்யல, நல்ல மெக்கானிக் இருந்தா சொல்லுங்க". அதுல பாதிக்கு மேல பழுதே இல்லைங்கறது என் அனுபவம். மெஷின் எப்படி வேலை செய்யும்னு தெரியாததால வர்ற பயம்தான். அதனால எத எத நாமளே பாக்கலாம், எதுக்கு கண்டிப்பா ஆள கூப்பிடணும்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதறேன்.

இது என்ன பெரிய மந்திரம்னா ஒண்ணுமில்ல, நம்ம ஊர் ஏசியேதான். ஏசி வீட்டுக்குள்ள இருக்கற சூட்ட எடுத்து வெளிய தள்ளுது, இது குளிர்காலத்துல அதையே திருப்பிப் போட்டு வெளிய இருக்கற சூட்ட எடுத்து உள்ள தள்ளுது. மைனஸ் பத்துல என்னய்யா சூடுன்னு கேப்பீங்க, இருக்கு, வெளிய இருக்கற காயில், அதாவது சுருள் குழாய், அந்தக் காத்த விட இன்னும் ஜில்லுன்னு இருந்தா காத்துலேருந்து சூடு காயிலுக்கு வந்துதானே ஆகணும். இந்தத் திசைய மாத்தறது ரிவர்ஸிங் வால்வுன்னு ஒரு சின்ன உருப்படி. அந்தப் பேர ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ திரும்ப வரும்.

பழுது மாதிரி தெரியும், பழுது இல்ல

முதல் புகார், "காத்து சூடாவே வரல". கேஸ் ஃபர்னஸ்ல வென்ட்டுக்கு மேல கை வெச்சா சுடும், 50 டிகிரி 55 டிகிரில காத்து வரும். ஹீட் பம்ப்ல சாதாரணமா 32லேருந்து 40 வரைக்கும்தான். நம்ம தோலே கிட்டத்தட்ட 33 டிகிரி, அதனால 34ல வர்ற காத்து கைக்கு ஜில்லுன்னுதான் தெரியும், ஆனா 20 டிகிரி ரூமுக்கு அது சூடுதான். கைய நம்பாதீங்க. சமையலுக்கு வெச்சிருக்கற தெர்மாமீட்டர எடுத்து காத்த உள்ள இழுக்கற ரிட்டர்ன் வென்ட்டுல ஒருதடவ, வெளிய விடற வென்ட்டுல ஒருதடவ வெச்சுப் பாருங்க. வெளிய பூஜ்யம் டிகிரி இருக்கற அன்னிக்கு ரெண்டுக்கும் நடுவுல சுமாரா பத்து பன்னண்டு டிகிரி வித்தியாசம் இருந்தா மெஷின் நல்லா இருக்கு. மைனஸ் பதினஞ்சுல வித்தியாசம் கொறையும், அதுவும் சரிதான். ரெண்டு மூணு டிகிரிலயே அரைமணி நேரமா நிக்குதுன்னா அப்ப யோசிக்கலாம்.

ரெண்டாவது, "நாள் பூரா ஓடிக்கிட்டே இருக்கு". ஓடட்டும். ஃபர்னஸ் பத்து நிமிஷம் எரிஞ்சு அரைமணி அணைஞ்சு கிடக்கும், இன்வெர்ட்டர் ஹீட் பம்ப் (வேகத்த தானே கூட்டிக் கொறைச்சுக்கற மாடல்) அப்படி இல்ல, மெதுவா விடாம ஓடும், மாட்டுவண்டி மாதிரி. ஓடறத நிறுத்தறேன்னு, எத்தன டிகிரி வேணும்னு செட் பண்ற தெர்மோஸ்டாட்ட ஏத்தி எறக்கி விளையாடினா கரன்ட் பில்தான் ஏறும், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

மூணாவதுதான் மாமியார் பாத்த ஆவி. வெளிய காயில் காத்த விட ஜில்லுன்னு இருக்கறதால காத்துல இருக்கற ஈரம் அதுமேல வெள்ளையா உறைபனியா படியும். ஃப்ரீசர்ல படியுதே அதே கதைதான். படிஞ்சு படிஞ்சு காத்து போற வழி அடைஞ்சா சூடு எடுக்க முடியாது, அதனால மெஷின் அப்பப்ப தானே டிஃப்ராஸ்ட் பண்ணிக்கும். ரிவர்ஸிங் வால்வு "புஸ்ஸ்"னு சத்தத்தோட திரும்பும், வெளிய ஃபேன் நிக்கும், ஆனா கம்ப்ரெசர் ஓடிக்கிட்டே இருக்கும், வீட்டுச் சூட்டையே கொஞ்சம் எடுத்து வெளிய காயிலுக்கு அனுப்பி பனிய கரைக்கும். தண்ணி சொட்டும், ஆவி குபுகுபுன்னு கிளம்பும், அந்த நேரத்துல உள்ள வென்ட்டுல கொஞ்சம் ஜில் காத்து வந்தாலும் வரும். அஞ்சு பத்து நிமிஷம், அப்புறம் மறுபடி ஒரு "புஸ்", ஃபேன் சுத்த ஆரம்பிக்கும். முதல்தடவ இந்தச் சத்தத்த ராத்திரி ரெண்டு மணிக்கு கேட்டா கேஸ் லீக்குன்னே நினைப்போம்.

ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது, மைனஸ் இருபதுல டிஃப்ராஸ்ட் கம்மி, ஏன்னா அந்தக் குளிர்ல காத்துல ஈரமே இருக்காது. மெஷின ரொம்ப படுத்தற நாள் பூஜ்யத்துலேருந்து மைனஸ் அஞ்சு வரைக்கும், பிசுபிசுன்னு தூறலும் ஈரப்பனியுமா இருக்குமே அந்த நாள்தான். அன்னிக்கு நாப்பது நிமிஷத்துக்கு ஒருதடவ ஆவி கிளம்பினா கவலப்படாதீங்க.

உள்ள பாக்க வேண்டியது

தெர்மோஸ்டாட்ல இருந்து ஆரம்பிங்க. "ஹீட்"ல இருக்கா, இல்ல "கூல்" "ஆஃப்"னு எதுலயாவது மாறி கிடக்கான்னு பாருங்க, வீட்ல சின்னப் பசங்க இருந்தா இதுவே பாதி கேஸ். பேட்டரி போட்டதுன்னா பேட்டரிய மாத்துங்க. ஃபேன் "ஆன்"ல இருந்தா "ஆட்டோ"வுக்கு மாத்துங்க, இல்லன்னா கம்ப்ரெசர் நிக்கும்போதும் ஃபேன் மட்டும் சும்மா காத்த சுத்திக்கிட்டே இருக்கும், அது ஜில்லுன்னு தெரியும்.

புதுசா நீங்களே ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மாட்டினீங்களா, மாட்டினதுலேருந்து ஹீட் போட்டா குளிர்காத்து, கூல் போட்டா சூடுகாத்து வருதா? மெஷின் பழுதில்ல. ரிவர்ஸிங் வால்வுக்குப் போற ஒயர் "ஓ"வா "பி"யான்னு செட்டிங்ல தப்பா சொல்லியிருக்கீங்க. பெரும்பாலான கம்பெனில கூலிங்ல வால்வுக்கு கரன்ட் குடுப்பாங்க, அது ஓ. ரீம், ரூட் மாதிரி சிலதுல ஹீட்டிங்ல குடுப்பாங்க, அது பி. மெனுல போய் அத மாத்தினா முடிஞ்சுது, ஒயர தொடவே வேண்டாம்.

அடுத்தது ஃபில்டர். இதப் பத்தி எத்தன தடவ சொன்னாலும் பத்தாது. ஹீட் பம்ப்புக்கு ஃபர்னஸ விட காத்து நிறைய வேணும், கொஞ்சம் அடைச்சாலே திணறும். ஒரு இன்ச் ஃபில்டர்னா குளிர்காலத்துல மாசத்துக்கு ஒருதடவ உருவி வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சுப் பாருங்க, வெளிச்சம் தெரியலன்னா தூக்கிப் போடுங்க. தினம் தாளிப்பும் வறுவலும் நடக்கற நம்ம வீடுங்கள்ல பாக்கெட்ல போட்டிருக்கற மூணு மாசக் கணக்கெல்லாம் செல்லாது, எண்ணெயோட தூசி சேந்து பிசுக்கா ஒட்டிக்கும். அதே மாதிரி நல்லதுன்னு நினைச்சு மெர்வ் 13 ஃபில்டர் வாங்கி சொருகாதீங்க (மெர்வ்ங்கறது எவ்வளவு பொடித்தூசிய பிடிக்கும்ங்கற அளவு), காத்து போற டக்ட் அதுக்கு ஏத்த மாதிரி இருந்தா சரி, இல்லன்னா மூக்க பொத்திக்கிட்டு ஓடச் சொல்ற மாதிரி. எட்டு போதும்.

ஃபில்டர் பாத்தாச்சுன்னா ஒரு ரவுண்டு வீட்ட சுத்தி வாங்க. என் ஃப்ரெண்டு வீட்ல மேல் மாடிக்கு சூடே ஏறலன்னு ரெண்டு வாரமா புலம்பல், போய்ப் பாத்தா ஹாலுல இருந்த பெரிய ரிட்டர்ன் வென்ட்ட மறைச்சு புது ஷூ ராக், அதுக்குப் பக்கத்துல நாப்பது பவுண்டு பொன்னி அரிசி மூட்ட ஒண்ணு சாய்ச்சு வெச்சிருந்தாங்க. மூட்டைய நகத்தினோம், சாயங்காலத்துக்குள்ள மேல ரெண்டு டிகிரி ஏறிருச்சு. பயன்படுத்தாத ரூம் வென்ட்டெல்லாம் மூடி வெச்சா மிச்சம்னு சிலர் நினைப்பாங்க, ஹீட் பம்ப்ல அது வேலைக்கு ஆகாது, தொறந்து விடுங்க.

பிரேக்கர் போர்டுல ஹீட் பம்ப்புக்கு ஒண்ணு இல்ல, ரெண்டு மூணு இருக்கும், வெளி யூனிட்டுக்கு ஒண்ணு, உள்ள ஃபேனுக்கு ஒண்ணு, எலெக்ட்ரிக் ஹீட்டர் இருந்தா அதுக்குத் தனி. உள்ள காத்து வருது ஆனா சூடில்லன்னா வெளி யூனிட் பிரேக்கர் விழுந்திருக்கலாம். முழுசா ஆஃப் பக்கம் தள்ளிட்டு ஆன் பண்ணுங்க, ஒரே ஒரு தடவ. மறுபடி விழுந்தா கை வைக்காதீங்க, அது ஏதோ சொல்ல வருது, எலெக்ட்ரிக்கல்ல பிடிவாதம் கூடாது.

வெளிய பாக்க வேண்டியது

பூட்ஸ மாட்டிக்கிட்டு வெளிய போங்க. மெல்லிசா, வெள்ளையா, காயில் பூரா ஒரே சீரா படிஞ்சிருந்தா உறைபனி, ஆவி வந்து கரைச்சுடும். கண்ணாடி மாதிரி கெட்டியா, விரலால தட்டினா டொக்குன்னு சத்தம் கேக்கற மாதிரி பாதி மெஷின மூடியிருந்தா அது ஐஸ் கட்டி, அது நார்மல் இல்ல. ஃபேன் சுத்தும்போது டக டகன்னு எதுலயோ இடிச்சா உடனே தெர்மோஸ்டாட்ல ஆஃப் பண்ணுங்க, ரெக்கை உடையும்.

அந்த ஐஸ எப்படி எடுக்கறது? இங்கதான் நான் கைய சுட்டுக்கிட்டேன். முதல் வருஷம் விழுந்ததும் உறையற ஃப்ரீஸிங் ரெயின் பெஞ்ச அன்னிக்கு அவசரத்துல கிச்சன்லேருந்து தோசைத் திருப்பிய எடுத்துக்கிட்டு போய் சுரண்டினேன். காயில் மேல இருக்கற அலுமினிய ஃபின் இருக்கே, சிகரெட் பாக்கெட்டுக்குள்ள வர்ற பேப்பர் மாதிரி அவ்வளவு மெல்லிசு. ஒரு சாண் அகலத்துக்கு அப்படியே படுத்துருச்சு, அந்த எடத்துல இன்னிக்கும் காத்து போகாது, முதல்ல பனி பிடிக்கறதும் அங்கதான். நல்லவேளை பின்னாடி இருந்த குழாய் ஓட்டையாகல, ஆகியிருந்தா உள்ள ஓடி சூட்ட சுமக்கற கேஸ், ரெஃப்ரிஜிரன்ட், மொத்தமும் போயிருக்கும். அதனால ஸ்க்ரூடிரைவர், மண்வெட்டி, கத்தி, தோசைத் திருப்பி எதுவும் வேண்டாம்.

சரியான வழி, தெர்மோஸ்டாட்ல ஆஃப், அப்புறம் வெளி யூனிட் பக்கத்துல சுவத்துல ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதுல இருக்கற டிஸ்கனெக்ட் ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணுங்க, பிறகு வெதுவெதுப்பான குழாத்தண்ணி. வெளிக்குழாய நவம்பர்லயே அடைச்சு வெச்சிருப்போம், அதனால பாத்ரூம்லேருந்து வாளில சுமக்க வேண்டியதுதான், எனக்கு ஒன்பது வாளி ஆச்சு. கொதிக்கற தண்ணி ஊத்தக்கூடாது. ரோட்டுல படியில போடற உப்பையும் மெஷின் மேலயோ பக்கத்துலயோ வீசாதீங்க, அலுமினியத்தையும் செம்பையும் அரிச்சுடும். தண்ணி ஊத்தின எடம் அரைமணில கண்ணாடியா உறையும், நடக்கற வழில இல்லாம பாத்துக்கோங்க.

கரைச்சப்புறம் மறுபடி ஒரே நாள்ல கட்டியா பிடிச்சா காரணத்த தேடணும். கூரைலேருந்து தண்ணி மெஷின் தலைல சொட்டுதான்னு பாருங்க, கூரை ஓரத்துல மழைத்தண்ணி ஓடற கட்டர் அடைச்சுக்கிட்டு இருந்தா இது ரொம்ப சகஜம். மெஷினோட அடித்தட்டுல (பேஸ் பேன்) தண்ணி போற ஓட்டை அடைச்சிருக்கான்னு பாருங்க, டிஃப்ராஸ்ட் தண்ணி வெளிய போகாம தேங்கி கீழேருந்து மேல ஐஸா வளரும். மெஷின நேரா தரைல கான்கிரீட் பலகை மேல வெச்சிருந்தா அதுவே பெரிய தப்பு, ஒன்டாரியோ பனிக்கு ஸ்டாண்டு போட்டு தரைலேருந்து ஒரு அடி ஒன்றரை அடியாவது தூக்கி வெச்சிருக்கணும். சுத்தி ரெண்டடி இடம் காலியா இருக்கணும், பனி தள்ளும்போது மெஷின் பக்கமா குவிக்காதீங்க. இது எதுவும் இல்லாம, காயில்ல ஒரு பக்கம் மட்டும் கெட்டியா பனி பிடிச்சு இன்னொரு பக்கம் காஞ்சு கிடந்தா ரெஃப்ரிஜிரன்ட் கம்மியா இருக்கலாம், அது நம்ம வேலை இல்ல.

இன்னொண்ணு, ஏசிக்கு குளிர்காலத்துல தார்ப்பாய் கவர் போட்டு மூடற பழக்கம் இங்க நிறைய வீட்ல உண்டு. ஹீட் பம்ப்புக்கு அத போட்டா கழுத்த நெரிக்கற மாதிரிதான்.

பில் எகிறுதா, ஆக்ஸ் ஹீட்ட பாருங்க

தெர்மோஸ்டாட்ல "ஆக்ஸ் ஹீட்"னு வந்தா கூட ஒரு எலெக்ட்ரிக் ஹீட்டரும் சேந்து ஓடுதுன்னு அர்த்தம். அது ரொட்டி டோஸ்டர் மாதிரி, ஒரு யூனிட் கரன்ட்டுக்கு ஒரு யூனிட் சூடுதான். ஹீட் பம்ப் எட்டு டிகிரில ஒண்ணுக்கு மூணு பங்கு குடுக்கும், நல்ல கோல்டு கிளைமேட் மாடல் மைனஸ் பதினஞ்சுலயும் கிட்டத்தட்ட ரெண்டு பங்கு குடுக்கும். டிஃப்ராஸ்ட் சமயத்துலயும் கடுங்குளிர்லயும் ஆக்ஸ் வர்றது சரி. அஞ்சு டிகிரி வெயில்ல மத்தியானம் ஆக்ஸ் ஓடினா தப்பு.

நிறைய வீட்ல காரணம் நாமதான். ராத்திரி 16ல வெச்சுட்டு காலைல எழுந்து ஒரே தள்ளா 22க்கு ஏத்துவோம், ஆறு டிகிரி இடைவெளியப் பாத்த தெர்மோஸ்டாட், சரி பம்ப்பால முடியாதுன்னு ஹீட்டர போட்டுடும். அதுவும் ஒன்டாரியோல குளிர்காலத்துல நேரத்துக்கு நேரம் விலை மாறற டைம் ஆஃப் யூஸ் பிளான்ல வேலை நாள்ல காலைல 7லேருந்து 11 வரைக்கும், சாயங்காலம் 5லேருந்து 7 வரைக்கும் கரன்ட் விலை உச்சம். ஒரே சூட்டுல விட்டுடுங்க, ரொம்ப ஆசையா இருந்தா ரெண்டு டிகிரிக்கு மேல எறக்காதீங்க. ராத்திரி 11லேருந்து காலை 7 வரைக்கும் மலிவா கிடைக்கற பிளான்ல இருந்தா விடியக்காலைலயே ஒரு டிகிரி ஏத்தி வெச்சுக்கலாம்.

"எமர்ஜென்சி ஹீட்" வேற விஷயம். அத அமுத்தினா கம்ப்ரெசர் மொத்தமா நின்னு ஹீட்டர் மட்டும் ஓடும். பேரப் பாத்து, ரொம்பக் குளிருதே இதுதான் எமர்ஜென்சின்னு அமுத்தி ஒரு மாசம் மறந்தவங்கள எனக்குத் தெரியும். வெளி யூனிட் பழுதாகி ஆள் வர்ற வரைக்கும் சமாளிக்கத்தான் அது.

கேஸ் ஃபர்னஸோட சேத்து மாட்டின ஹைபிரிட்னா, எந்த டிகிரிக்குக் கீழ ஃபர்னஸுக்கு மாறணும்னு ஒரு செட்டிங் இருக்கும். ஹீட் பம்ப் எப்பவுமே ஓடறதில்ல ஃபர்னஸ்தான் எரியுதுன்னா அந்த நம்பர பாருங்க, மாட்டினவங்க பிரச்சனை வரக்கூடாதுன்னு பிளஸ் அஞ்சுல கூட விட்டுட்டுப் போயிருப்பாங்க. சில வைஃபை தெர்மோஸ்டாட் வெளி டெம்பரேச்சர இன்டர்நெட்லேருந்து எடுக்கும், வைஃபை பாஸ்வேர்ட மாத்தினா அது திருதிருன்னு முழிக்கும்.

டக்ட் இல்லாத சுவர் யூனிட்டா? ரிமோட்ல "ஆட்டோ" வேண்டாம், "ஹீட்" போடுங்க, ஃபேன் மட்டும் ஆட்டோ. முன்மூடிய தூக்கி வலைய எடுத்து குழாத்தண்ணில கழுவி காய வெச்சு மாட்டுங்க. ஒரே வெளி யூனிட்ல ரெண்டு மூணு ரூம் ஓடினா, ஒரு ரூம்ல யாராவது கூல் போட்டிருந்தா இன்னொரு ரூம்ல லைட் மட்டும் மினுக்கும், சூடு வராது, எல்லாத்தையும் ஹீட்டுக்கு மாத்துங்க. டிஃப்ராஸ்ட் அப்ப உள்ள ஃபேன் நின்னு வாய மூடிக்கும், அது தூங்கல, பத்து நிமிஷம் பொறுங்க.

கரன்ட் கட்டுக்கு அப்புறம் ஒரு ஜாக்கிரத வேணும். 2013 டிசம்பர் ஐஸ் ஸ்டார்ம்ல டொரான்டோல மட்டும் மூணு லட்சம் இணைப்புக்கு கரன்ட் போச்சு, கிறிஸ்மஸ் நேரத்துல நாள்கணக்கா. அந்த மாதிரி கடுங்குளிர்ல பல மணி நேரம் கரன்ட் இல்லாம கிடந்தா கம்ப்ரெசருக்குள்ள ரெஃப்ரிஜிரன்ட் திரவமா எறங்கி எண்ணெயோட கலந்துடும், கரன்ட் வந்ததும் அப்படியே ஸ்டார்ட் பண்ணா கம்ப்ரெசர் அடிபடும். அடில ஒரு சின்ன ஹீட்டர் அத சூடாக்கத்தான் இருக்கு. அதனால வெளி பிரேக்கர ஆன்லயே வெச்சுட்டு, எமர்ஜென்சி ஹீட்லயோ ஃபர்னஸ்லயோ சில மணி நேரம் ஓட்டுங்க, எத்தன மணின்னு உங்க மாடல் மேனுவல்ல இருக்கும், பன்னண்டு மணி நேரம்னு கூட போட்டிருப்பாங்க.

இதுக்கு மேல ஆள கூப்பிடுங்க

வெளி ஃபேன் சுத்தாம உள்ள "ம்ம்ம்"னு மட்டும் சத்தம் வருது, டிஃப்ராஸ்ட்டும் ஓடல. பிரேக்கர் ரெண்டாவது தடவ விழுது. குழாய் ஜாயின்ட்ல எண்ணெய்க்கறை தெரியுது. கருகின வாசன வருது. இதுல எது இருந்தாலும் ஆஃப் பண்ணிட்டு ஃபோன எடுங்க. பேனல கழட்டி உள்ள கை விடாதீங்க, கரன்ட்ட நிறுத்தினாலும், கரன்ட்ட சேத்து வெச்சிருக்கற கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கும்.

வர்றவரு ஊர்ல ஏசிக்காரர் சொல்ற மாதிரி "கேஸ் கொறஞ்சிருக்கு, போட்டுடலாம்"னு மட்டும் சொன்னா, எங்க லீக்குன்னு கேளுங்க. அது பெட்ரோல் இல்ல ஓட ஓட தீர்றதுக்கு, மூடின சுத்துக்குள்ள இருக்கறது, கொறஞ்சா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம். ஒன்டாரியோல ரெஃப்ரிஜிரன்ட்ட தொடறவங்களுக்கு ஓடிபி (ODP, ஓசோன் பாதிப்பைத் தடுக்கற பயிற்சி) கார்டு இருக்கணும், காட்டச் சொல்லி கேக்கலாம், தப்பா நினைக்க மாட்டாங்க.

ஃபோன் பண்றதுக்கு முன்னாடி இத மட்டும் குறிச்சு வெச்சுக்கோங்க, வெளி டெம்பரேச்சர், ரெண்டு வென்ட்டோட டிகிரி, தெர்மோஸ்டாட்ல என்ன எரர் கோடு, கடைசியா எப்ப ஆவி வந்துச்சு, எத்தன நிமிஷம் நின்னுச்சு. காயில ஒரு ஃபோட்டோ, சத்தம் இருந்தா முப்பது செகண்ட் வீடியோ. போன மாசம் நான் இத அனுப்பினதுக்கு அவரு வராமலேயே ஃபோன்ல, டிஃப்ராஸ்ட் சென்சர் காயில்லேருந்து கழண்டு தொங்குது பாருங்கன்னாரு, ஃபோட்டோவ பெருசு பண்ணிப் பாத்தா நிஜமாவே தொங்கிக்கிட்டு இருந்துச்சு. மறுநாள் வந்து கிளிப்ப மாட்டிட்டு போனாரு, மாமியார் குடுத்த காபியையும் குடிச்சுட்டுத்தான்.